உதைபந்தாட்ட உச்ச சபை

கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணி மாவட்ட இறுதிப் போட்டிக்குத் தெரிவானதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அரையிறுதியிலேயே தோற்றுத் தொலைத்திருந்தால் அந்தப் பிள்ளைகளை யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களும் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

அதுவரைக்கும் அவர்களை ஒருவரும் கவனிக்கவில்லை என்பது உண்மை. கல்லூரிக்குப் பின்னால் ஒரு பக்கம் சரிந்த மைதானம். பந்து தப்பினால் ஓரத்துக் கழிவுநீர்க் கானுக்குள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். விளையாட்டு ஆசிரியை மரிய கொறற்றி டீச்சர் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அந்தச் சரிவிலேயே பிள்ளைகளை ஓட வைப்பார். பாதிப் பிள்ளைகள் எல்கடுவ தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருகிறவர்கள். மீதிப் பேர் மாத்தளை டவுன் பிள்ளைகள். இரண்டு கூட்டமும் ஒரே கானுக்குள் இறங்கிப் பந்தெடுத்து ஒரே அணியாகி இருந்தார்கள்.

கோல் காப்பவள் ஷஸ்னா. அவளுடைய வாப்பா ஜவாஹிருக்குச் சொந்தமாக ஒரு சின்ன பட்டா லொறி இருந்தது. தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வந்து மாத்தளைக் கடைகளுக்குப் போடுவார். உதைபந்தாட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், மகள் நிற்கிற வலைக்குள் பந்து போகக்கூடாது என்பது மட்டுந்தான். மற்ற வலைக்குள் அதைப் போடுகிறவள் ரொஷானி என்ற எல்கடுவப் பிள்ளை. அவள் ஓடத் தொடங்கினால் ஜவாஹிர் லொறிக்குள்ளிருந்து ஹோன் அடிப்பார். ஆதரவாளர் என்று அணிக்கு இருந்தது அந்த ஹோன்தான்.

இறுதிப் போட்டி வில்கமுவவில் என்று தெரிந்ததும் பழைய மாணவர் சங்கம் விழித்துக்கொண்டது. விழித்த கையோடு 'உதைபந்தாட்ட உச்ச சபை' என்றொன்றை நிறுவியது. வில்கமுவ தூரம், பஸ்ஸும் குறைவு, பிள்ளைகளுக்கு ஒரு வாகனம் வேண்டும் என்று கேட்கத்தான் ஜவாஹிர் முதல் கூட்டத்துக்குப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவரைப் பெற்றோர் பிரதிநிதியாக்கி விட்டார்கள்.

கூட்டம் மங்கல விளக்கேற்றலுடன் தொடங்கியது. பிறகு சமய அனுட்டானம், கல்லூரிக் கீதம், காலஞ்சென்ற உறுப்பினர்களுக்கு மௌன அஞ்சலி. சபை அன்றைக்குத்தான் பிறந்தது. காலஞ்சென்றவர் யார் என்று ஜவாஹிருக்கு விளங்கவில்லை. ஆனாலும் தலையைக் குனிந்து நின்றார்.

தலைவர் ஸக்கரியா சேர். ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க முகாமையாளர். வெயிலோ மழையோ கல்லூரிக் கோட்டைக் கழற்றாதவர்.

"நான் இந்தக் கல்லூரிக்கு உசிரையே குடுத்தவன்" என்று அவர் தொடங்கினார். "அந்தக் காலத்துல ஸ்கூல் டீம்ல மூணு வருஷம் இருந்திருக்கேன். ஒரு மேட்ச்சும் விளையாடல. அதனாலதான் எனக்கு ஆட்டம் முழுசா விளங்கும். விளையாடுறவனுக்கு பந்து மட்டுந்தான் தெரியும். பெஞ்சில இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும்."

கை தட்டினார்கள். அடுத்தவர் தாக்குதல் ஆலோசகர் கிஷாந்த். காப்புறுதி முகவர். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கழகத்தின் ஜேர்சியை உடுத்திருந்தார். "நம்ம பிள்ளைங்க கோல் அடிக்கிறாங்க. அது பழைய ஸ்டைல்" என்றார் கவலையுடன். "ஐரோப்பாவில இப்ப யாரும் சும்மா கோல் அடிக்கிறதில்ல. பந்த வச்சிக்கிட்டு இருக்கணும். அதுதான் மரியாத."

சட்டவிதி ஆலோசகர் பாறூக், ஒஃப் சைட் விதியைச் சபைக்கு விளக்க வேண்டுமென்று எழுந்தார். தேநீர்க் கோப்பைகளை மேசையில் அடுக்கி, சீனிப் போத்தலைக் கோல் காப்பாளராக்கி, ஒரு பிஸ்கட்டைப் பந்தாக்கினார். விளக்கம் நீண்டது. தேநீர் ஆறுகிறதே என்று யாரோ ஒரு கோப்பையை எடுத்து விட்டார்கள்.

"கடைசிக்கு முதல் டிஃபெண்டர யாரு குடிச்சது?" என்று பாறூக் கத்தினார்.

குடித்தவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே அந்தப் பிஸ்கட் ஒஃப் சைட்டா இல்லையா என்று முடிவெடுக்க முடியாமல் ஒரு உபகுழு நியமிக்கப்பட்டது.

"சேர், வில்கமுவைக்குப் போக பிள்ளைங்களுக்கு ஒரு பஸ்..." என்று ஜவாஹிர் எழுந்தார்.

"அது நிகழ்ச்சி நிரல்ல கடைசியா, வேறு விடயங்கள்ல வரும். உக்காருங்க" என்றார் ஸக்கரியா சேர்.

வேறு விடயங்கள் வருவதற்கு முன் பயிற்றுநர் விடயம் வந்தது. மரிய கொறற்றி டீச்சரிடம் உயர்மட்டப் பயிற்சிச் சான்றிதழ் எதுவும் இல்லை என்பதைச் சபை மிகுந்த வருத்தத்துடன் கண்டுபிடித்தது. சபையில் யாரிடம் அது இருக்கிறது என்று கேட்கும் எண்ணம் யாருக்கும் வரவில்லை. ஸக்கரியா சேர் தலைமைப் பயிற்சி வழிகாட்டியாக ஏகமனதாகத் தெரிவானார். அந்த ஏகமனதில் அவருடைய மனமும் சேர்த்தி.

கதவோரம் உட்கார்ந்திருந்த டீச்சர் மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் என்னாங்க செய்யணும்?"

"டீச்சர், உங்களுக்குத்தான் ஆக முக்கியமான வேல" என்றார் தலைவர். "தண்ணி."

அவரை நீர் வழங்கல் இணைப்பாளராக நியமித்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கடைசியில் வேறு விடயங்களும் வந்தன. பஸ்ஸுக்கு ஒரே குரலில் அங்கீகாரம் கிடைத்தது. பெரிய மனிதர்கள் கொஞ்சம் பேசினாலும் காரியத்தைச் செய்து விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஜவாஹிர் வீட்டுக்குப் போனார்.

மறுநாளிலிருந்து மைதானத்தில் கூடாரம் எழுந்தது. பிளாஸ்டிக் கதிரைகள், ஒலிபெருக்கி, பதாகை. சபை நிழலில் அமர்ந்தது. பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். முதலில் தலைவர் பேசினார். பிறகு ஒவ்வோர் ஆலோசகரும் பேசினார்கள். பந்துகள் பைக்குள்ளேயே கிடந்தன.

"பந்த கீழ வச்சா பிள்ளைங்க கவனம் பந்துக்குப் போயிடும்" என்று பாறூக் காரணம் சொன்னார்.

மூன்றாம் நாள் கிஷாந்த் அணியின் அமைப்பை மாற்றினார். "ஆக நல்லா ஓடுறது யாரு?" என்று கேட்டார். பிள்ளைகள் ரொஷானியைக் காட்டினார்கள்.

"அப்ப அவள பின்னுக்கு நிப்பாட்டுங்க. வீட்டில பெறுமதியான சாமான வாசல்லயா வைப்பீங்க?"

"சேர், நான் முன்னுக்கு நின்னுதானே கோல் அடிச்சேன்" என்றாள் ரொஷானி.

"அதெல்லாம் சபை வர முந்தி."

தண்ணீர்ப் போத்தல்களோடு நின்ற டீச்சர் வாயைத் திறந்தார். நீர் வழங்கல் சம்பந்தமாக மட்டும் பேசும்படி தலைவர் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார்.

ஷஸ்னா வீட்டுக்கு வந்து கையுறைகளை மூலையில் வீசினாள். "வாப்பா, இவங்க யாரு? பந்தத் தொட விடுறாங்க இல்ல. இண்டைக்கு முழுக்க ஒழுக்கத்தப் பத்திக் கேட்டுட்டு வாறேன். எனக்கு ஒழுக்கம் இருக்கு வாப்பா, பயிற்சிதான் இல்ல."

"பெரிய ஆக்கள் மகள். ஏதோ தெரிஞ்சுதான் செய்வாங்க" என்றார் ஜவாஹிர். சொல்லும்போதே அவருக்கு அந்தப் பேச்சு ருசிக்கவில்லை.

போட்டி நாள் காலையில் கல்லூரி வாசலில் பஸ் நின்றது. குளிரூட்டிய புது பஸ். பக்கவாட்டில் பெரிய பதாகை. அதில் ஸக்கரியா சேர், கிஷாந்த், பாறூக், இன்னும் பல முகங்கள். விளையாடுகிற பிள்ளைகளில் ஒருத்தியின் முகமும் இல்லை. உள்ளே சபையும் சபையின் குடும்பத்தாரும் அமர்ந்திருந்தார்கள். பின் ஆசனங்களில் பப்பரே வாத்தியக் குழு. நடைபாதையில் சோற்றுப் பார்சல் பெட்டிகள்.

பிள்ளைகள் காலணிப் பைகளோடு ஏறப் போனபோது கிஷாந்த் கதவில் கையை வைத்து மறித்தார்.

"பிள்ளைங்களா, இது சப்போர்ட்டர்ஸ் பஸ். டீமுக்கு வேற பஸ் வரும்."

"எந்த பஸ்ஸுங்க?" என்று டீச்சர் கேட்டார்.

கிஷாந்த் உள்ளே திரும்பித் தலைவரைப் பார்த்தார். தலைவர் பாறூக்கைப் பார்த்தார். பாறூக் சொன்னார்: "தீர்மானம் எடுத்தது ஆதரவாளர்கள கொண்டு போறதுக்கு. அணியக் கொண்டு போறதப் பத்தி யாரும் பிரேரிக்கல."

"நான் பிள்ளைங்களுக்குத்தானே கேட்டேன்!" ஜவாஹிர் லொறியிலிருந்து குதித்து ஓடி வந்தார். "பிள்ளைங்க இல்லாம நீங்க அங்க போயி யாருக்கு சப்போர்ட் பண்ணப் போறீங்க?"

"ஜவாஹிர், உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் ஸக்கரியா சேர் ஜன்னல் வழியாக. "நாங்க முன்னுக்குப் போயி ஒரு சூழல உண்டாக்கி வைக்கிறோம்."

பப்பரே முழங்க பஸ் புறப்பட்டது. அதிபருக்கு டீச்சர் தொலைபேசி எடுத்தார். அதிபர் வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டத்தில் இருந்தார். விளையாட்டுத்துறையை ஊக்குவிப்பது பற்றிய கூட்டம்.

ஜவாஹிர் லொறியின் பின்கதவைத் திறந்து, முந்திய நாள் மரக்கறியில் உதிர்ந்த கோவா இலைகளைக் காலால் தள்ளி விட்டு, சாக்குகளை விரித்தார். "ஏறுங்க" என்றார்.

பெரிய பஸ் நாவுல ஊர்ப் பக்கமாகச் சுற்றிப் போயிருந்தது. ஜவாஹிர் ரத்தோட்டை ஏறி ரிவஸ்டன் மலைவழியைப் பிடித்தார். ரத்தோட்டையில் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். சாமான் ஏற்றுகிற வாகனத்தில் இத்தனை பேரா என்று சிங்களத்தில் சத்தம் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனவர், மேலே மூடியிருந்த படங்குச் சீலையை விலக்கி, ஒரே நிற உடுப்பில் குந்தியிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். மெட்ச்சா என்று கேட்டார். ஆமென்றதும் படங்கைத் திரும்ப இழுத்து மூடினார். தன் மகளும் வலைப்பந்து ஆடுகிறாள் என்று சொல்லி, வளைவுகளில் மெதுவாகப் போகச் சொல்லி அனுப்பி வைத்தார். பிள்ளைகளுக்காக அன்றைக்கு ஒரு விதியை வளைத்தவர் அவர் ஒருவர்தான்.

மலையுச்சியில் மூடுபனி படங்குக்குள் புகுந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். இறக்கத்தில் ஒருத்தி வாந்தியெடுத்தாள். லக்கல தாண்டியதும் வெயில் தகரத்தைச் சுட்டது. வில்கமுவ மைதானத்தில் இறங்கியபோது நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆடாமலே தோற்றிருப்பார்கள்.

ஸக்கரியா சேர் அந்த ஊர்ச் சனத்துக்கு ஒலிபெருக்கியில் உரையாற்றிக்கொண்டிருந்தார். சபை சூழலை உண்டாக்கி முடித்திருந்தது.

அணியின் பெஞ்சில் சபை உட்கார்ந்திருந்தது. அணி அலுவலர்கள் என்று தங்களையே பதிவு செய்துவிட்டார்கள். பதியக்கூடிய எண்ணிக்கை அதோடு முடிந்து போனதால் டீச்சருக்கு இடமில்லை. அவர் தண்ணீர்ப் போத்தல்களோடு கயிற்றுக்கு வெளியே, ஜவாஹிருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

ஆட்டம் தொடங்கியது. "வச்சிக்கங்க! பந்த வச்சிக்கங்க!" என்று கிஷாந்த் ஒலிபெருக்கியில் கத்தினார். "அடிங்க! தூர அடிங்க!" என்று தலைவர் கத்தினார். "ஒஃப் சைட்! ஒஃப் சைட்!" என்று பாறூக் தன் சொந்த அணியைப் பார்த்துக் கத்தினார். பிள்ளைகள் ஒரு குரலுக்கு ஓடி இன்னொரு குரலுக்கு நின்றார்கள். வில்கமுவ பிள்ளைகள் நெல்வயலில் வளர்ந்த கால்களோடு நேராக வந்து ஒரு கோல் போட்டார்கள். ஷஸ்னா பாய்ந்தாள். விரல் நுனியில் பட்டுப் பந்து உள்ளே போனது.

இடைவேளை முழுவதையும் தலைவர் பேசி முடித்தார். பிள்ளைகள் நாக்கு வறண்டு அவர் முன்னால் வரிசையாக நின்றார்கள். எதிரணித் தலைவிதான் இரண்டு போத்தல் தண்ணீரைக் கொண்டு வந்து ரொஷானியின் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

ரொஷானி குடித்தாள். பிறகு கயிற்றுப் பக்கம் நடந்து வந்தாள்.

"டீச்சர், நான் எங்க நிக்கட்டும்?"

பெஞ்சில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் அவர்களைப் பார்க்கவில்லை. "முன்னுக்குப் போ பிள்ள" என்றார். "உன் இடத்துக்குப் போ."

ரொஷானி போனாள். அதன் பிறகுதான் அந்த மைதானத்தில் உதைபந்தாட்டம் நடந்தது. இடது பக்கமாக வந்த பந்தை அவள் ஓடி வந்த வேகத்திலேயே வலைக்குள் வைத்தாள். ஆட்டம் சமம். ஜவாஹிர் லொறிக்கு ஓடி ஹோன் அடித்தார். வில்கமுவ சனமும் கை தட்டியது.

பெஞ்சு கை தட்டவில்லை. அங்கே அவசரக் கூட்டம் நடந்தது. அனுமதியில்லாமல் ஒரு வீராங்கனை தன் நிலையை விட்டு விலகியிருக்கிறாள். இதை நடுவரின் கவனத்துக்குக் கொண்டு வருவதென்று தீர்மானமாயிற்று. பாறூக் விதிப் புத்தகத்தைக் கையிலெடுத்துக்கொண்டு, ஆட்டம் நடக்க நடக்கவே, கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கினார்.

அதே நேரம் மறுமுனையில் ரொஷானி இரண்டு பேரைத் தாண்டி, கோல் காப்பாளரையும் தாண்டி, பந்தை வலையின் மூலைக்கு அனுப்பினாள். பிள்ளைகள் அவள்மேல் விழுந்து புரண்டார்கள். டீச்சர் ஜவாஹிரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நடுவர் விசில் அடித்தார். அவருடைய விரல் கோல் பக்கம் நீளவில்லை. இந்தப் பக்கம், ஷஸ்னாவின் வலைக்குச் சற்று முன்னால் புத்தகத்தோடு நின்ற பாறூக்கை நோக்கி நீண்டது. கோல் போட்ட அணியின் அலுவலர் ஒருவர் மைதானத்துக்குள் இருந்திருக்கிறார். கோல் செல்லாது. அவர் நின்ற இடத்திலிருந்து எதிரணிக்கு நேரடி உதை.

பாறூக் கோபப்படவில்லை. அவர் முகத்தில் ஒரு பூரிப்பு வந்தது.

"நூத்துக்கு நூறு சரியான தீர்ப்பு" என்று பெஞ்சைப் பார்த்துச் சொன்னார். "மூணாவது விதி. வெளி ஆள் உள்ளுக்கு நிண்டா கோல் செல்லாது. நான்தான் முதல் கூட்டத்திலேயே சொன்னேனே, விதி தெரியாம விளையாடக் கூடாதுன்னு."

"அந்த வெளி ஆள் நீங்கதானே!" என்று ஜவாஹிர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"அது வேற விஷயம்" என்றார் பாறூக்.

பிள்ளைகள் நடந்தது விளங்காமல் திரும்பி வருவதற்குள் நேரடி உதை அடிக்கப்பட்டது. வலைக்கு மிகக் கிட்ட. ஷஸ்னாவுக்கு முன்னால் தடுக்க ஆளில்லை, பாறூக்தான் இன்னும் விலகிக்கொண்டிருந்தார். பந்து அவர் தோளுக்கு மேலால் போய் உள்ளே விழுந்தது. அதோடு ஆட்டம் முடிந்தது.

இரண்டாமிடக் கேடயத்தை ஸக்கரியா சேர் பெற்றுக்கொண்டார். பஸ் வாத்தியத்தோடு திரும்பியது. பிள்ளைகள் மறுபடி லொறிக்குள் சாக்குகளில் ஏறிக் குந்தினார்கள். மலையேறும்போது பின்னாலிருந்து ஒரு பிள்ளை விம்முவது ஜவாஹிருக்குக் கேட்டது. அது தன் மகளா, ரொஷானியா என்று அவருக்குத் தெரியவில்லை. வண்டியை நிறுத்திப் பார்க்கவும் அவருக்குத் துணிவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததையெல்லாம் மெதுவாகத் திட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்த வாரம் சபை கூடித் தோல்விக்கான காரணத்தை ஆராய்ந்தது. காரணம் ஒழுக்கமின்மை. நிலையை விட்டு விலகிய ரொஷானியை ஒரு வருடத்துக்கு அணியிலிருந்து நிறுத்துவதென்றும், நீர் வழங்கலின் எல்லையை மீறிய மரிய கொறற்றி டீச்சரை விளையாட்டிலிருந்து எடுத்து நூலகத்தில் விடும்படி அதிபரைக் கோருவதென்றும் பிரேரணை வந்தது. வழிமொழியும்படி பெற்றோர் பிரதிநிதியைக் கேட்டார்கள்.

ஜவாஹிர் எழுந்தார்.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்றார். "நான் படிக்காதவன். எனக்கு உங்கட ரூல் தெரியாது. அந்தப் பிள்ள கோல் அடிச்சா. நீங்க அத அழிச்சீங்க. என்ட மகள் கோவா சாக்குல குந்திக்கிட்டு வந்தா, நீங்க ஏசி பஸ்ல சோறு தின்னுக்கிட்டு வந்தீங்க. தோட்டத்துப் பிள்ளைங்கன்னா கேக்க ஆளில்லன்னு நினைச்சீங்களா? அந்த டீச்சருக்குப் பதிலா உங்கள்ல ஒருத்தர் அந்தக் கானுக்குள்ள இறங்கிப் பந்து எடுத்திருக்கீங்களா? ஒரு நாள்? தோத்தது அந்தப் பிள்ளைங்க இல்ல சேர். உங்கட டீம்தான் தோத்தது. இந்த மேசையச் சுத்தி இருக்கிற டீம்."

ஸக்கரியா சேர் அவரை அன்போடு பார்த்தார்.

"ஜவாஹிர், நீங்க சின்னதாப் பாக்குறீங்க. பிள்ளைங்க வருவாங்க, ரெண்டு வருஷத்துல போயிடுவாங்க. சபை நிரந்தரம். ஒரு அணி தோத்தா இன்னொரு அணி வரும். சபைக்கு ஒரு கெட்ட பேர் வந்தா அது யாருக்கு வரும்? எங்களுக்குத்தானே வரும்? அத யோசிச்சீங்களா?"

வாக்கெடுப்பில் ஜவாஹிரின் எதிர்ப்பு சேர்க்கப்படவில்லை. எழும்பி நிற்கிறவர் ஆசனத்தில் இல்லை, ஆசனத்தில் இல்லாதவருக்கு வாக்கில்லை என்று பாறூக் விளக்கினார். பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது.

அணி அதோடு கலைந்தது. யாரும் கலைக்கவில்லை, பிள்ளைகள் வரவில்லை, அவ்வளவுதான். ரொஷானியின் தகப்பன் செபஸ்தியன் தோட்டத்து இளைஞர் மன்றத்தோடு பேசி, எல்கடுவ மைதானத்தை ஞாயிறு காலைகளுக்கு வாங்கிக்கொண்டார். டவுன் பிள்ளைகள் பஸ்ஸேறி மேலே போனார்கள். டீச்சரை வார நாட்களில் நூலகத்தில் வைக்க அதிபரால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமையில் கை வைக்க முடியவில்லை.

அப்படியொரு ஞாயிறன்று, கல்லூரியின் பெயர் பொறித்த ஜேர்சிகளைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்கப் பிள்ளைகள் ஜவாஹிரிடம் தந்து விட்டார்கள். சபை கூடியிருந்தது. அவர் மூட்டையை மேசையில் வைத்தார். "பிள்ளைங்க குடுத்து விட்டாங்க. இனி அவங்களுக்கு வேணாமாம்" என்றார்.

கிஷாந்துக்குக் கொஞ்சம் பதற்றமாக இருந்தது. "சேர், அப்ப இப்ப நமக்கு டீம் இல்லையே?"

பாறூக் சபையின் யாப்பு விதிகளைப் புரட்டினார். தலைவர் இருக்க வேண்டும், செயலாளர் இருக்க வேண்டும், ஆலோசகர்கள் இருக்க வேண்டும். அணி ஒன்று இருக்க வேண்டுமென்று எந்த வாசகமும் இல்லை.

ஸக்கரியா சேர் நிம்மதியாக மூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ். அப்படின்னா அடுத்த வருஷம் நாங்க தோக்குறதுக்கு வழியே இல்ல."

பலத்த கரகோஷம் எழுந்தது. அந்த மகிழ்ச்சியில் யாரோ மூட்டையை அவிழ்த்தார்கள். ஆளுக்கொரு ஜேர்சியை எடுத்து, கோட்டுகளுக்கு மேலாலேயே தலையை நுழைத்தார்கள். ஸக்கரியா சேருடைய ஜேர்சி வயிற்றுக்கு மேல் இறங்க மறுத்தது. பாறூக் கோல் காப்பாளரின் ஜேர்சிக்குள் ஒரு கையை மட்டும் விட்டிருந்தார். கேடயத்தை நடுவில் வைத்து இரண்டு வரிசையாக நின்றார்கள். முன்வரிசை ஒரு முழங்காலை ஊன்றிக் குந்தியது.

"ஜவாஹிர், நல்ல நேரத்துல வந்தீங்க. ஒரு படம் எடுங்க" என்று தலைவர் தன் தொலைபேசியை நீட்டினார்.

ஜவாஹிர் வாங்கினார். திரையில் அவர்களைப் பார்த்தார். மகளின் ஜேர்சியைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை ஓசைப்படாமல் மேசையில் குப்புற வைத்துவிட்டு வெளியே வந்து, லொறியை எடுத்துக்கொண்டு எல்கடுவப் பாதையில் ஏறினார். மேலே ஆட்டம் தொடங்கியிருக்கும்.

யாராவது வந்து எடுப்பார்கள் என்று, சபை சிரிப்பைக் கலைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது.